டென்னிஸ் எல்போ: ஒரு தண்ணீர் பாட்டில் போதும், பொறுமைதான் கொஞ்சம் நிறைய வேண்டும்

ஈரத்துணியைப் பிழியும்போதும், மாவுப் பாத்திரத்தைத் தூக்கும்போதும், பைக் கிளட்சை அழுத்தும்போதும் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் சுருக்கென்று வலிக்கிறதா? பெயர்தான் டென்னிஸ் எல்போ. இது வருகிறவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. தச்சர், பெயிண்டர், சமையல்காரர், நாள் முழுக்க மவுஸ் பிடிப்பவர் என்று பட்டியல் நீளும்.

மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளின் தசைநாண்கள் அந்த எலும்பு முனையில்தான் வந்து ஒட்டுகின்றன. தாங்க முடிந்ததைவிட அதிகமாக இழுபட்டு இழுபட்டு அவற்றின் இழைகள் நைந்துபோகின்றன. முழு ஓய்வு கொடுத்தால் வலி அடங்கும், ஆனால் தசைநாண் இன்னும் பலவீனமாகும். அளந்து கொடுக்கும் சுமைதான் அதைத் திரும்ப உறுதியாக்கும்.

முதலில் ஒரு சோதனை

முழங்கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்குங்கள். அந்த எலும்பு முனையிலேயே வலித்தால் அநேகமாக இதுதான். விரல்கள் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ, விழுந்து அடிபட்ட பிறகு வலி வந்திருந்தாலோ, வீக்கமோ காய்ச்சலோ இருந்தாலோ பயிற்சி வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது 3 வரை வலிக்கலாம். மறுநாள் காலை வழக்கத்தைவிட அதிகம் வலித்தால் நேற்றைய அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். பாதியாகக் குறையுங்கள்.

படி 1: அசையாமல் அழுத்துவது (முதல் 1–2 வாரம்)

முழங்கையை மடக்கி, முன்கையை மேசைமேல் வையுங்கள், உள்ளங்கை கீழே. மறுகையைப் புறங்கைமேல் வைத்துக் கீழே அழுத்துங்கள். வலியுள்ள கை அதை எதிர்த்து மேலே தள்ள வேண்டும், ஆனால் மணிக்கட்டு துளியும் அசையக்கூடாது. உங்கள் பலத்தில் பாதி போதும். 30 முதல் 45 விநாடி பிடித்து, 1 நிமிடம் விட்டு, 5 முறை. காலையும் மாலையும் செய்யுங்கள்.

படி 2: மெதுவாக இறக்குவது

இதுதான் முக்கியமான பயிற்சி. அரை லிட்டர் பாட்டிலில் பாதி தண்ணீர் நிரப்புங்கள், ஏறக்குறைய 250 கிராம். மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே நிற்க, முன்கை மேசையில் படிந்திருக்க, உள்ளங்கை கீழே பார்க்கப் பாட்டிலைப் பிடியுங்கள். மறுகையின் உதவியோடு மணிக்கட்டை மேலே தூக்குங்கள். உதவிக் கையை எடுத்துவிட்டு, 4 எண்ணும் வரை மெல்ல இறக்குங்கள். மீண்டும் தூக்குவதும் மறுகையின் வேலைதான். 10 முறை வீதம் 3 சுற்று, நாளுக்கு ஒரு தடவை. பழகியபின் சுற்றுக்கு 15 ஆக்குங்கள்.

பலர் இறக்குவதில்தான் கோட்டை விடுகிறார்கள். 1 விநாடியில் தொப்பென்று விட்டால் தசைநாணுக்கு வேலையே இல்லை. இன்னொரு தவறு, பாட்டிலை நெரிப்பது. இறுக்கிப் பிடிப்பதே அதே தசைக்குச் சுமைதான். பாட்டில் தடிமனாக இருந்தால் துணிப்பையில் கால் கிலோ பருப்பைப் போட்டுக் கைப்பிடியைப் பிடியுங்கள்.

15 வீதம் 3 சுற்றை மூன்று நாள் தொடர்ந்து சிரமமில்லாமல் முடித்தால் 100 மில்லி கூட்டுங்கள். தண்ணீர் பாட்டிலின் அருமை இதுதான். டம்பெல் இப்படிச் சிறுகச் சிறுக ஏறாது. பாட்டில் நிறைந்த பிறகு 1 கிலோ டம்பெல்லுக்குப் போகலாம், அதற்குள் தூக்குவதையும் அதே கையால் செய்யப் பழகியிருக்க வேண்டும்.

படி 3: திருப்புவதும் விரிப்பதும்

சுத்தியலைப் பிடித்து, கட்டைவிரல் மேலே பார்க்க முன்கையை மேசையில் வையுங்கள். மெதுவாக உள்ளங்கையைக் கீழே திருப்பி, பிறகு மேலே திருப்புங்கள். 10 முறை, 2 சுற்று. கடினமாக இருந்தால் இரும்புத் தலைக்கு அருகில் பிடியுங்கள். கூடவே ஐந்து விரல்களையும் சுற்றி ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு 20 முறை விரியுங்கள்.

கையை நீட்டி மணிக்கட்டைக் கீழே மடக்கும் ஸ்ட்ரெட்ச் எல்லோருக்கும் தெரியும். வலி கடுமையாக இருக்கும் நாட்களில் அதைத் தவிருங்கள். அந்த நிலையில் தசைநாண் எலும்போடு அழுந்தும். வலி தணிந்தபின் 30 விநாடி வீதம் 3 முறை செய்யலாம். எலும்பு முனையிலேயே தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களுக்கு வலி திரும்புவதுதான் அதிகம். வேலை நேரத்தில் முன்கையைச் சுற்றிக் கட்டும் டென்னிஸ் எல்போ பெல்ட் போடலாம்: எலும்பு முனைக்கு இரண்டு விரல் கீழே, மரத்துப்போகாத அளவுக்கு.

பொருளைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும், முழங்கை உடலோடு ஒட்டியிருக்கட்டும். இதை மட்டும் மாற்றினாலே பாதிச் சுமை குறைந்தது போல இருக்கும்.

6 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் வலி குறைந்ததும் பாட்டிலை மூலையில் வைத்துவிடுபவர்களுக்குத்தான் அது திரும்பி வருகிறது. 12 வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமே இல்லையென்றால் பிசியோதெரபிஸ்ட்டிடம் கழுத்தையும் தோளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.