ஹெட்போன் பின்னில் எத்தனை வளையம்?

டெஸ்க்டாப்புக்கு மைக் உள்ள ஹெட்போன் வாங்குமுன், அதன் பின்னில் (வயரின் நுனியில் செருகும் உலோக முனையில்) எத்தனை கறுப்பு வளையம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்று இருந்தால், கூடவே அதை மைக்குக்கு ஒன்று, கேட்க ஒன்று என இரண்டு பின்னாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் வயரும் தேவைப்படலாம்.

மூன்று வளையம் உள்ள 3.5 மி.மீ. பின்னில் இடது காது, வலது காது, மைக், எர்த் நான்கும் ஒன்றாக வந்துவிடும். போனுக்கும் புது லேப்டாப்புக்கும் அது சரி. டெஸ்க்டாப்பிலோ பெரும்பாலும் கேட்கப் பச்சை ஓட்டை, பேச ரோஸ் ஓட்டை என்று தனித்தனி. அந்தப் பின்னைப் பச்சையில் செருகினால் பாட்டு நன்றாகக் கேட்கும், மைக் மட்டும் வேலை செய்யாது. ஹெட்போன் போய்விட்டது என்று நினைத்து வேறொன்று வாங்கிவிடாதீர்கள்.

திருநெல்வேலி ஜங்ஷனிலோ பாளையங்கோட்டையிலோ கடையில் ஸ்ப்ளிட்டர் கேட்கும்போது கவனம். ஒரு பாட்டை இரண்டு பேர் கேட்பதற்கான வயரும் அதே பெயரில்தான் விற்கிறது. அதில் ஒரு பின், இரண்டு ஓட்டை. நமக்கு வேண்டியது நேர்மாறு: ஒரு ஓட்டை, இரண்டு பின். ஒரு பின்னில் மைக் படமும் மற்றதில் ஹெட்போன் படமும் போட்டிருக்கும்.

அப்புறம், நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பேச முடியாது. அந்த ஃபேன் சத்தத்திலும் குரல் தெளிவாகக் கேட்க, வயரில் தொங்கும் மைக்கைவிட வாயருகே வளைந்து வரும் மைக்கே நல்லது.

யு.எஸ்.பி., புளூடூத் ஹெட்போன்களுக்கு இந்த வளையக் கணக்கு பொருந்தாது.