எபிரேயம் பேசும் வீட்டில் துக்கம் விசாரிக்கப் போகிறீர்களா?

யூதக் குடும்பங்களில் அடக்கம் முடிந்ததும் ஏழு நாள் துக்கம் காப்பார்கள். அதற்கு 'ஷிவா' என்று பெயர். அந்த நாட்களில் கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும், தட்டாமல் உள்ளே போகலாம். துக்கத்தில் இருப்பவர் தாழ்வான இருக்கையில் அமர்ந்திருப்பார். அவர் பேசத் தொடங்கும் வரை நாம் பேசாமல் அருகில் உட்கார வேண்டும். இது ரொம்ப நல்ல வழக்கம், என்ன சொல்வது என்று தவிக்க வேண்டியதே இல்லை. அவர் பேசினால், இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த நல்லதைச் சொல்லுங்கள்.

விடைபெறும்போது சொல்வது: 'ஹமகோம் யெனஹேம் எத்ஹெம்', இறைவன் உங்களுக்கு ஆறுதல் தரட்டும். முழு வாக்கியம் இன்னும் நீளம், இந்த அளவே போதும். செய்தி அனுப்புவதானால், குடும்பத்தார் எல்லோருக்குமாக, ஆண் 'அனி மிஷ்தத்தேஃப் பெட்ஸஅர்ஹெம்' என்றும் பெண் 'அனி மிஷ்தத்தேஃபெத் பெட்ஸஅர்ஹெம்' என்றும் எழுதலாம்: உங்கள் துயரில் நானும் பங்கு கொள்கிறேன்.

பூக்கொத்து வேண்டாம், அது அவர்கள் வழக்கமில்லை. சாப்பாடு கொண்டு போகலாம், ஆனால் கோஷர் (யூத உணவு விதி) பார்க்கும் வீடா என்று முதலில் கேட்டுவிடுங்கள். வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வரை ஓய்வுநாள் என்பதால் அப்போது போக வேண்டாம்.

இஸ்ரேலில் அரபு பேசும் முஸ்லிம் குடும்பம் என்றால், இறந்தவர் ஆணாக இருந்தால் 'அல்லாஹ் யர்ஹமு', பெண்ணாக இருந்தால் 'அல்லாஹ் யர்ஹம்ஹா' என்று சொல்லுங்கள்: இறந்தவருக்கு அல்லாஹ் கருணை காட்டட்டும். ரஷ்ய மொழி பேசுபவர் வீட்டுத் துக்கத்துக்குப் பூ கொண்டு போகலாம், ஆனால் இரட்டைப்படை எண்ணிக்கையில்தான்.