பிள்ளைகளின் மனநலத்தை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநல வினாப்பட்டியலில் இரண்டு நாட்டுப் பிள்ளைகள் பெற்ற சராசரி மதிப்பெண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘இந்த நாட்டில்தான் மனச்சிக்கல் அதிகம்’ என்று முடிவு கட்டுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரிய தவறு.

பிரிட்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட எஸ்.டி.க்யூ. வினாப்பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பலங்களையும் சிக்கல்களையும் கேட்பது அது. மொத்தம் 25 கூற்றுகள். உலகம் முழுக்கப் புழங்கும் கருவி இது. அவரும் சேர்ந்து எழுதிய 2012 ஆய்வு இந்தியா, வங்காளதேசம், ஏமன், ரஷ்யா, நார்வே, பிரிட்டன், பிரேசில் ஆகிய ஏழு நாடுகளின் தரவை அலசியது. வினாப்பட்டியல் மதிப்பெண்ணை விரிவான மதிப்பீட்டில் தெரிந்த பாதிப்போடு ஒப்பிட்டார்கள். மதிப்பெண் கூடிய நாட்டில் பாதிப்பும் அதே அளவு கூடியிருக்கும் என்று சொல்ல முடியவில்லை. ஆகவே ‘இந்த மதிப்பெண்ணைத் தாண்டினால் சிக்கல்’ என்று பிரிட்டன் பிள்ளைகளை வைத்து வகுத்த எல்லைக்கோட்டை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். உதவி தேவைப்படும் பிள்ளை அதில் தவறிப்போகலாம். தேவையில்லாத பிள்ளைமேல் முத்திரை விழலாம்.

பதில் சொல்லும் பழக்கமும் இடத்துக்கு இடம் மாறும். 1995இல் வந்த ஓர் ஆய்வில் ஜப்பான், தைவான் மாணவர்கள் பதில்களை வரிசைப்படுத்திய அளவுகோலின் நடுப்புள்ளியை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்க மாணவர்கள் இரு ஓரங்களையும் அதிகம் தொட்டார்கள். வித்தியாசம் சிறிதுதான், ஆனாலும் சோதிக்காமல் விடக்கூடாது.

மொழிபெயர்ப்பைத் திரும்ப மூலமொழிக்கு மாற்றிப் பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சில பிள்ளைகளிடம் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேளுங்கள்.

சரி, எப்போது கேட்பது? மனநலனை ஐந்து கூற்றுகளால் அளக்கும் டபிள்யூ.எச்.ஓ.-5 வினாப்பட்டியல் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றித்தான் கேட்கிறது. பொதுத்தேர்வு நேரத்தில் கொடுத்தால் தேர்வுப் பதற்றமும் மதிப்பெண்ணில் கலந்துவிடும். இன்னொரு பள்ளியில் விடுமுறை முடிந்ததும் கொடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுவது நியாயமே இல்லை.

எனக்குப் பெரிய கவலை, படிவம் நிரப்பும் அறையைப் பற்றியது. வகுப்பாசிரியர் பெஞ்சுகளுக்கிடையே நடந்துகொண்டிருக்க, தாளில் பெயரும் வரிசை எண்ணும் இருக்க, எந்தப் பிள்ளை மனதில் உள்ளதை எழுதும்? பெயருக்குப் பதில் குறியீட்டு எண் கொடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஆலோசகரிடம் மட்டும் இருக்கட்டும்.

அப்புறம், மனச்சோர்வை ஒன்பது கேள்விகளால் அளக்கும் பி.எச்.க்யூ.-9 படிவத்தின் கடைசிக் கேள்வி சாவைப் பற்றிய எண்ணங்களைக் கேட்கிறது. அந்தத் தாள்கள் தரவுப் பதிவுக்காக மாதக்கணக்கில் கட்டுக்கட்டாகக் கிடப்பதைவிடக் கொடுமை வேறில்லை. அந்தக் கேள்விக்கான பதிலை அன்றைக்கே ஒருவர் பார்க்க வேண்டும். அதற்கு ‘இல்லவே இல்லை’ என்பதைத் தவிர வேறு பதிலைக் குறித்த பிள்ளையோடு அன்றைக்கே பேசவும் ஆள் வேண்டும். அதற்கு ஆள் கிடைக்காத பள்ளியில் அந்தப் படிவத்தைக் கொடுக்கவே கூடாது.