பால் இல்லாமல் தயிர்சாதம்

பால் உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சேர்க்காத வீகன் உணவுக்கு மாறியவர்கள் பலர் ஏங்குவது தயிர்சாதத்துக்குத்தான். அதற்கு வேர்க்கடலைத் தயிர் அருமையான வழி.

வறுக்காத வேர்க்கடலை ஒரு கப் எடுத்து இரவு ஊறவையுங்கள். தோல் நீக்கி, 3 கப் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து வடிகட்டுங்கள். அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே நன்றாகக் கொதிக்கவிடுங்கள்; பச்சை வாசனை போகவேண்டும், இதில் மட்டும் அவசரமே கூடாது. வெதுவெதுப்பாக ஆறியதும், கழுவிய பச்சைமிளகாய்க் காம்புகள் ஏழெட்டைப் போட்டு மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். 10, 12 மணி நேரத்தில் உறையும். முதல் தடவை கொஞ்சம் நெகிழ்வாகத்தான் இருக்கும். அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த முறை வேர்க்கடலைப் பாலுக்கு உறை ஊற்றினால் கெட்டியாக வரும்.

அப்புறம் என்ன, குழைந்த சாதத்தில் பிசைந்து, நல்லெண்ணெயில் கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். வடிகட்டிய சக்கையையும் வீணாக்காதீர்கள், அடை மாவில் சேர்த்தால் மொறுமொறுப்பு கூடும்.