ஏற்றத்தில் திணறும் வண்டி: பிளக் இடைவெளியை நீங்களே அளந்து மாட்டுவது எப்படி?

தலவாக்கலையிலிருந்து நானுஓயா பக்கம் ஏறும்போது வண்டி இரண்டாம் கியரில் நடுங்குகிறதா? ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இழுவை கூடாமல், இடையிடையே வெட்டி வெட்டிப் போகிறதா? ஆனால் ஹட்டன் டவுனுக்குள் சமதரையில் ஓடும்போது ஒரு குறையும் தெரியவில்லையா? அப்படியென்றால், காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்கும் காபுரேட்டரைக் கழற்றச் சொல்வதற்கு முன், அந்தக் கலவையைப் பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

காரணம் இருக்கிறது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் அதிகமாக நுழைந்து இறுக்கமாக அமுக்கப்படுகின்றன. அந்த அழுத்தத்துக்குள் பொறி பாய்வதற்கு மிக உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தால், சமதரையில் எப்படியோ பாய்ந்துவிடும் பொறி ஏற்றத்தில் பாயாது. அந்தச் சிலிண்டர் அந்தத் தடவை வேலை செய்யாமல் போகும். நீங்கள் உணரும் வெட்டு அதுதான். இடைவெளி குறுகிப் போனாலும் நல்லதில்லை. பொறி சிறுத்துவிடும், ஐட்லிங்கில் என்ஜின் குலுங்கும்.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய மாருதி 800. மூன்று சிலிண்டர், காபுரேட்டர் வண்டி. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் மலையகத்தில் பலர் இருக்கிற வண்டியைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள். இந்த வேலையை நான் கற்றுக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான். பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு காலைப்பொழுது போதும்.

என்ன வேண்டும்

ரப்பர் உள்ள பிளக் சொக்கட் ஒன்று. பழைய வண்டிகளின் பெரிய பிளக்குக்கு 21 மில்லிமீற்றர், பின்னால் வந்த பல வண்டிகளுக்கு 16. அதற்கு ஒரு எக்ஸ்டென்ஷனும் ரட்செட்டும். ஃபீலர் கேஜ் ஒன்று, அதாவது விசிறிபோல விரியும் மெல்லிய இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் தடிப்பு எழுதியிருக்கும். டயருக்குக் காற்றடிக்கும் பம்ப், பழைய துணி, கொஞ்சம் டேப், ஒரு சாண் நீளத்துக்குப் பெற்றோல் ஹோஸ் துண்டு. அந்த ஹோஸ் எதற்கு என்று பிறகு சொல்கிறேன், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பிளக் வாங்கும்போது பழைய பிளக்கிலுள்ள எண்ணை அப்படியே காட்டி வாங்குங்கள். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் வெப்ப எண் கூடக்கூட பிளக் குளிர்ந்த வகை, அதாவது முனையின் சூட்டை வேகமாக வெளியேற்றுவது. பொஷ்ஷில் அது தலைகீழ்: எண் கூடினால் சூடான வகை. அதனால் ஒரு பிராண்டின் எண்ணை வைத்து இன்னொன்றை ஊகிக்க முடியாது. என்ஜிகே எண்ணின் கடைசியில் ‘-11’ என்று இருந்தால் 1.1 மில்லிமீற்றர் இடைவெளியில் வருகிறது என்று பொருள். ஆனாலும் உங்கள் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வண்டியின் புத்தகத்திலோ போனட்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் தாளிலோ பார்த்தே முடிவு செய்யுங்கள். எங்கள் வண்டிக்கு நான் 0.8 வைக்கிறேன்.

கழற்றுவது

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிளக் திருகியிருக்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டோடு கழற்றினால் மரை கிழிந்துவிடும். இரவு நிறுத்திவிட்டு விடியக் காலையில் செய்யுங்கள். எங்கள் ஊர்க் குளிர் இந்த ஒரு வேலைக்கு நல்ல துணை.

வயர்களுக்கு டேப் ஒட்டி 1, 2, 3 என்று எழுதுங்கள். இன்னும் நல்லது, ஒரு நேரத்தில் ஒரு பிளக்கை மட்டும் கழற்றி, அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது. வயர்கள் இடம் மாறினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது சைலன்சரில் வெடிக்கும். இழுக்கும்போது வயரைப் பிடிக்காதீர்கள். நுனியிலுள்ள ரப்பர் தொப்பியைப் பிடித்து, இடமும் வலமும் லேசாகத் திருகி இழுங்கள். புதிய வண்டிகளில் வயருக்குப் பதிலாக ஒவ்வொரு பிளக்கின் மேலேயும் பொறிக்கு மின்னழுத்தம் தரும் ஒரு கொயில் இருக்கும். அதன் பிளாஸ்டிக் கிளிப்பை விடுவித்து, பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றினால் நேராக மேலே வந்துவிடும்.

அடுத்து பம்ப். தொப்பியை எடுத்ததும் பிளக்கைச் சுற்றியுள்ள குழிக்குள் காற்றடித்து மண்ணையும் தூசியையும் வெளியேற்றுங்கள். தோட்டத்து ரோட்டில் ஓடும் வண்டி என்றால் அந்தக் குழிக்குள் சிறுகல்கூடக் கிடக்கும். பிளக்கைத் திறந்த பிறகு அது சிலிண்டருக்குள் விழுந்தால் என்ஜினையே பிரிக்க வேண்டி வரும்.

சொக்கட்டை நேராக வைத்துத் திருப்புங்கள். முதல் அசைவுக்குக் கொஞ்சம் பலம் வேண்டும், பிறகு கையாலேயே வர வேண்டும். நடுவில் இறுகினால் வலிந்து திருப்பாதீர்கள். கொஞ்சம் உள்ளே திருப்பி, சிறிது டபிள்யூடி-40 அடித்து, சற்று விட்டுத் திரும்ப வெளியே எடுங்கள்.

பழைய பிளக் என்ன சொல்கிறது

அவசரப்பட்டுக் குப்பையில் போடாதீர்கள். கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்கி முனைகளை வெளிச்சத்தில் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில், இளம் பழுப்பாக இருந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. காய்ந்த கரி, விரலில் ஒட்டுகிற கறுப்பு என்றால் பெற்றோல் அதிகமாகப் போகிறது. மலையகத்துக் காபுரேட்டர் வண்டிகளில் நான் அதிகம் காண்பது இதைத்தான். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரிசெய்த காபுரேட்டர் இங்கே வந்தால் காற்று குறைந்து பெற்றோல் கூடிப்போகும். குளிருக்காக, காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தபடியே கடை வரை போய்த் திரும்பினால் கரி இன்னும் சேரும். அந்தக் கரி மின்சாரத்தை வழியிலேயே கசியவிட்டுவிடும், முனைக்குப் பொறி வராது.

ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் என்ஜின் ஓயில் உள்ளே வருகிறது. அதைப் புதுப் பிளக் தீர்க்காது. பெற்றோல் வாசத்தோடு ஈரமாக இருந்தால் அந்தப் பிளக்கில் பொறியே விழவில்லை, வயரையும் பாருங்கள். வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகிறது, தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இடைவெளி வைப்பது

போன மாதம் பக்கத்து லயத்துத் தம்பி தன் வண்டிக்குப் பிளக் போட வந்தான். நான் கேஜை எடுத்ததும், “புதுசுதானே அண்ணே, அப்படியே போட்டுடலாமே” என்றான். “அளந்துட்டுப் போடுவோம்” என்றேன். மூன்றில் இரண்டு சரியாக இருந்தன. மூன்றாவதில் 0.7 தகடுகூட நுழையவில்லை. பெட்டியின் மூலை நசுங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தோம். வரும் வழியில் எங்கேயோ இடிபட்டிருக்கிறது. அதை அப்படியே மாட்டியிருந்தால் புதுப் பிளக்கோடும் வண்டி குலுங்கும், அவன் வேறெங்கெல்லாமோ குறையைத் தேடியிருப்பான்.

அளக்கும் முறை இதுதான். உங்கள் வண்டிக்குரிய தகட்டை (எங்களுக்கு 0.8) மட்டும் பிரித்து, நடு முனைக்கும் மேலே வளைந்து நிற்கும் கொக்கிக்கும் நடுவில் நுழையுங்கள். வெண்ணெயில் கத்தி போல வழுக்கிப் போகக்கூடாது, தள்ளித் திணிக்கவும் கூடாது. இரண்டு விரலால் மூடிய புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு தாளை உருவும்போது ஒரு சின்னப் பிடிப்பு தெரியுமே, அந்தப் பிடிப்பு வேண்டும். பிறகு அதற்கு அடுத்த தடிப்பை (எங்களுக்கு 0.9) வையுங்கள், அது நுழையக்கூடாது. இந்த இரண்டும் சரியென்றால் இடைவெளி சரி.

கூடுதலாக இருந்தால், பிளக்கைத் தலைகீழாகப் பிடித்துக் கொக்கியின் முதுகை ஒரு பலகையில் மிக மெதுவாகத் தட்டுங்கள். ஒரு தட்டு, ஓர் அளவு. குறைவாக இருந்தால் கொக்கியை மட்டும் மெல்ல மேலே வளைக்க வேண்டும். நடு முனையின் மேல் எதையும் முட்டுக்கொடுத்து நெம்பாதீர்கள். அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தாலே பிளக் வீண். கைதவறிச் சீமெந்துத் தரையில் விழுந்த பிளக்கையும் இதே காரணத்துக்காக நான் மாட்டுவதில்லை. இரிடியம் பிளக்கின் நடு முனை ஊசிபோல இருக்கும். அதில் தகட்டைச் செருகி வளைக்க வேண்டாம். உங்கள் வண்டிக்குரிய எண்ணைச் சரியாக வாங்கி, கண்ணால் பார்த்து அப்படியே போடுங்கள்.

மாட்டுவது

இப்போது அந்த ஹோஸ் துண்டு. பிளக்கின் பின்பக்கத்தை ஹோஸுக்குள் செருகி, குழிக்குள் இறக்கி, ஹோஸை விரலால் உருட்டித் திருப்புங்கள். மரை நேராகப் பிடித்தால் பிளக் சுகமாக உள்ளே போகும். கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிச் சுற்றும், மரை கெடாமல் தப்பும். ரட்செட்டுக்கு அந்த இரக்கம் கிடையாது. முதல் தடவையிலேயே ரட்செட்டை வைத்தால் அலுமினிய மரையை வெட்டிக்கொண்டு போய்விடும்.

எங்கள் வண்டியின் இரண்டாவது சிலிண்டரில் மரை போனது அளவுக்கு மீறி இறுக்கியதால். முன்பு ஒரு கராஜில் யாரோ முழுப் பலத்தோடு இறுக்கியிருக்கிறார்கள். நான் கழற்றியபோது பிளக்கோடு சேர்ந்து ஹெட்டின் மரையும் வெள்ளிக்கம்பிச் சுருள்போல வந்தது. ஹெலிகொயில், அதாவது கெட்ட மரைக்குப் பதிலாகச் செருகும் கம்பிச் சுருள், வைத்துச் சரிசெய்ய, நான்கு பிளக் செட் வாங்கும் காசு போனது. இறுக்கும் விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பது அதனால்தான்.

கையால் முட்டும்வரை திருப்பிய பிறகே ரட்செட். வாசர் உள்ள புதுப் பிளக் என்றால் அங்கிருந்து அரைச் சுற்று: கடிகாரத்தில் 12 இலிருந்து 6 வரை. வாசர் நசுங்கி அமர்வது கையில் தெரியும். அதே பிளக்கைக் கழற்றித் திரும்பப் போடுகிறீர்கள் என்றால் வாசர் ஏற்கனவே நசுங்கியிருக்கும், 12 இலிருந்து 1 வரை போதும். வாசரே இல்லாமல் அடிப்பாகம் சரிந்திருக்கும் பிளக்குக்கு இன்னும் குறைவு, ஒரு சுற்றில் பதினாறில் ஒரு பங்கு. இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் இருந்தால், 14 மில்லிமீற்றர் மரையுள்ள வாசர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீற்றர். மரையில் கிரீஸ் பூசாதீர்கள். வழுக்கல் கூடி, அதே பலத்துக்கு அளவை மீறி இறுகிவிடும்.

தொப்பியை ‘டிக்’ என்று அமரும்வரை அழுத்துங்கள். வயர்கள் வெடித்திருந்தால் இந்த வேலையோடேயே மாற்றிவிடுங்கள். தென்மேல் பருவமழைக் காலத்தில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் பனியும் தூறலும் நாள் கணக்கில் நிற்கும்போது அந்த வெடிப்பில் ஈரம் ஏறி, காலையில் வண்டி கிளம்பாது. சந்தேகம் என்றால் இருட்டிய பிறகு என்ஜினை ஓடவிட்டுப் போனட்டைத் திறந்து பாருங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி மினுங்கும். கையை மட்டும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

சரி, ஸ்டார்ட் செய்யுங்கள். ஐட்லிங் சீராக இருக்கிறதா என்று ஒரு நிமிடம் கேளுங்கள். அப்புறம் வழக்கமாகத் திணறும் அதே ஏற்றத்துக்கு, அதே கியரில், கொண்டுபோங்கள். இன்னும் வெட்டினால் வயர், ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, அதன் பிறகு காபுரேட்டர் என்ற வரிசையில் பாருங்கள். சாதாரண நிக்கல் பிளக் என்றால் 10,000 கிலோமீற்றரில் ஒரு தடவை கழற்றி அளந்து, 20,000 வாக்கில் மாற்றுவது என் வழக்கம். மாட்டிய நாளையும் மீற்றர் எண்ணையும் பிளக் பெட்டியின் மூடியிலேயே எழுதி டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன். பழையதில் நல்லதாக இருந்த ஒன்றும், துணியில் சுற்றி, அதற்குள்ளேயே இருக்கிறது.