கணிதக் குறிகளும் முதலைக் கதையும்: நினைவு உத்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியது, சிறியது குறிகளில் குழம்பும் பிள்ளைக்கு எல்லோரும் சொல்லித்தருவது முதலைக் கதைதான். முதலை பெரிய எண்ணைப் பார்த்துத்தான் வாயைத் திறக்குமாம். 3 < 8 வரைக்கும் கதை நன்றாக ஓடும். −5, −2 வந்ததும் மாட்டிக்கொள்ளும். ஐந்துதான் பெரிசு என்று பிள்ளை முதலையை −5 பக்கம் திருப்பிவிடும். எண்கோட்டில் வலப்பக்கம் இருப்பது −2, ஆகவே −5 < −2. கதை சொல்வதில் தப்பில்லை, எண்கோட்டைக் காட்டாமல் கதையோடு நிறுத்துவதுதான் தப்பு. முதலையைச் சரியாக வரைந்துவிட்டு, குறியை வாசிக்கச் சொன்னால் விழிக்கும் பிள்ளைகளும் உண்டு. "மூன்று எட்டைவிடச் சிறியது" என்று வாய்விட்டுப் படிக்க வையுங்கள்.

இதைவிடப் பெரிய சேதம் சமக்குறியில். "சமக்குறி போட்டால் விடை எழுதணும்" என்று பழக்கிவிடுகிறோம். அப்புறம் 8 + 4 = __ + 5 என்று கேட்டால், கோடிட்ட இடத்தில் யோசிக்காமல் 12 என்று எழுதுவார்கள். சரியான விடை 7. 5 + 3 = 8 + 2 = 10 என்று சங்கிலியாக எழுதுவதும் இதே பழக்கத்தால்தான்; 5 + 3 எப்படி 10 ஆகும்? இந்தக் குறியை 1557இல் அச்சுக்குக் கொண்டுவந்த ராபர்ட் ரெக்கார்ட், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்று காரணம் சொன்னார். இதைவிட நல்ல நினைவு உத்தி என் கண்ணில் பட்டதில்லை. குறியின் வடிவத்திலேயே பொருள் இருக்கிறது.

"மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்" என்ற மந்திரத்தை மட்டும் தயவுசெய்து இப்படி மொட்டையாகச் சொல்லாதீர்கள். −3 − 4 என்பதற்கு 7 என்று எழுதுவது இதனால்தான். விடை −7. அந்த விதி பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரியது. −3 − (−4) போல ஓர் எதிர் எண்ணைக் கழிக்கும்போதும் பொருந்தும்.

"கூட்டலைச் சாய்த்தால் பெருக்கல்" என்பதும் வடிவத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் உத்தி. கையெழுத்து கொஞ்சம் சாய்ந்தாலே இரண்டும் ஒன்றாகிவிடும். இயற்கணிதத்தில் எக்ஸ் எழுத்தும் சேர்ந்துகொள்ளும். ஜெர்மன் கணித மேதை லைப்னிட்ஸே 1698இல் இந்தக் குழப்பத்தைச் சொல்லித்தான் பெருக்கலுக்குப் புள்ளியை விரும்பினார். வகுத்தல் குறி பரவாயில்லை: மேல்புள்ளி இருக்கும் இடத்தில் முதல் எண்ணையும் கீழ்ப்புள்ளியில் இரண்டாவது எண்ணையும் வைத்தால் பின்னமாகிவிடும். 3 ÷ 12 என்பதை 12 ÷ 3 என்று புரட்டிப் போடும் பிள்ளைக்கு முதலில் இதைக் காட்டலாம்.