ஸ்போர்ட்ஸ் காரில் முதல் காசு டயருக்கு

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி ஒரு கார் கைக்கு வந்ததும் எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் என்று அலையாமல், முதல் காசை நல்ல சம்மர் டயருக்கு (வெப்பமான காலத்துக்கென்று செய்த டயர்) போடுங்கள். வேகமெடுப்பது, பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது எல்லாமே சாலையைத் தொடும் உள்ளங்கை அளவு நான்கு ரப்பர் பட்டைகள் வழியாகத்தான் நடக்கிறது, அங்கே பிடி இல்லையென்றால் கூடுதல் குதிரைத்திறன் டயரைச் சும்மா சுழற்றத்தான் உதவும். எக்ஸாஸ்ட் மாற்றினால் பெரும்பாலும் கிடைப்பது சத்தம்தான்! அப்புறம், காய்ந்துபோன டயரோடு சஸ்பென்ஷனை மாற்றினால் கோளாறு எதில் என்றே பிடிபடாது.

டயர் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளம், ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், பழைய டயர் என்றால் ரப்பர் காய்ந்திருக்கும். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2316 என்றால், அது 2016-இன் 23-வது வாரம் செய்த டயர்.

ஏற்கெனவே நல்ல புது டயர் இருந்தால் இது பொருந்தாது. ரேஸ் டிராக்கில் ஓட்டுவதாக இருந்தால் அப்போது பிரேக் ஆயிலும் பேடும்தான் முதலில், ஏனென்றால் அங்கே பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது; டாட் 4 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் இழுத்துவிட்டால் அது 155 வரைகூட இறங்கலாம். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போகும் குளிர்காலத்திலும் சம்மர் டயர் இறுகிப் பிடியை விட்டுவிடும்.